வேகத்தின் விலையைக் கொடுப்பது யார்?

மோட்டார் வண்டியின் புகைக்குழாய் வழியே வெளியேறும் வாயு வீண் என்றுதானே நினைக்கிறோம்? ஆனால் அந்தச் சூடான வாயுவில் இன்னும் ஆற்றல் மிச்சம் இருக்கிறது. அதைக் கொண்டு வேலை வாங்கும் வழிக்கு 1905இல் காப்புரிமை பெற்றார் ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர். அதிலிருந்து வளர்ந்ததே டர்போசார்ஜர். வெளியேறும் வாயு ஒரு சுழலியைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டி எரிக்கலாம். எஞ்சினின் திறன் உயரும்.

சுழலியைச் சுற்றிவிட்டு வரும் வாயு அடுத்து நுழையும் குழாய்க்கு 'டவுன்பைப்' என்று பெயர். சுழலிக்கு முன்னால் அழுத்தம் மிகுந்தும் பின்னால் குறைந்தும் இருந்தால்தான் அது விரைந்து சுழலும். எனவே வேகப் பிரியர்கள் இந்தக் குழாயை அகலமாக்குகிறார்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: உள்விட்டம் 2.5 அங்குலத்திலிருந்து 3 அங்குலமானால், குறுக்குவெட்டுப் பரப்பு 44 சதவீதம் கூடும். இதுவரை எல்லாம் நல்ல இயற்பியல்தான்.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. பல கார்களில் இந்தக் குழாயோடு வினையூக்கி மாற்றியும் சேர்ந்திருக்கும். அதனுள்ளே தேன்கூடு போல நுண்துளைகள் கொண்ட ஒரு பீங்கான் கட்டி. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களின் பூச்சு. கார்பன் மோனாக்சைடு, எரியாத எரிபொருள், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் அது கார்பன் டை ஆக்சைடு, நீராவி, நைட்ரஜன் என மாற்றிவிடுகிறது. நன்கு சூடேறிய பின் இந்த நச்சுகளில் 90 சதவீதத்துக்கு மேல் நீக்கும் திறன் அதற்கு உண்டு. ஆனால் வாயுவின் பாதையில் அதுவும் ஒரு தடை. ஆகவே சிலர் அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயைப் பொருத்துகிறார்கள். இதை 'மேம்பாடு' என்பது தவறு என்பதே என் கருத்து.

ஏன்? கூடுதல் குதிரைத்திறன் காரோட்டிக்கு. நச்சுக்காற்று தெருவில் நடப்பவருக்கு! கார்பன் மோனாக்சைடு நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும் என்பதை மறவாதீர்கள்.

"என் ஒரு காரால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்போர் உண்டு. டீசல் பிக்கப் வண்டிகளைப் பற்றி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அதற்கு முந்தைய சுமார் பத்தாண்டுகளில் அந்நாட்டில் 5,50,000க்கும் மேற்பட்ட வண்டிகளில் மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகள் அகற்றப்பட்டிருந்தனவாம். ஒவ்வொன்றும் 'ஒரு வண்டி'தான்!

இன்னொரு செய்தி. 1950களில் கார்களுக்கான வினையூக்கி மாற்றியை உருவாக்கிய யூஜின் ஊட்ரி, பிரான்சில் பிறந்த பொறியாளர். கார்ப் பந்தயத்தில் தீராத ஆர்வம் கொண்டவர். லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சூழ்ந்த புகைமூட்டம் அவரைக் கவலைகொள்ளச் செய்தது. பெட்ரோலில் கலந்த ஈயம் வினையூக்கியைக் கெடுத்ததால், 1975ஆம் ஆண்டு மாடல் கார்களில்தான் அமெரிக்காவில் அது பரவலாக இடம்பெற்றது. வேகத்தை நேசித்த மனிதரே காற்றையும் நேசித்தார். இரண்டும் பகை அல்ல.

வாயுவை எளிதாகச் செல்லவிடும், துளைகள் பெரிதான மாற்றிகளும் இன்று உள்ளன. அகன்ற குழாயுடன் அவற்றைப் பொருத்தி, மாசுச் சோதனையில் தேறினால், அதுவே மேம்பாடு. நாளைய பொறியாளர்களே, குதிரைத்திறனைக் கணக்கிடும்போது மற்றவர் மூச்சையும் கணக்கில் சேருங்கள்!