பொன்னாடை குறையலாம், பயணம் குறையலாகாது

குடியிருப்புத் தோட்டக் கழகங்களின் ஆண்டுப் பொதுக்குழுவில் அடிக்கடி எழும் தீர்மானம் ஒன்று உண்டு. செலவு கூடிவிட்டதால் இவ்வாண்டு உறுப்பினர் சுற்றுப்பயணத்தை நிறுத்திவைக்கலாம் என்பதே அது. மலர்க்காட்சி நடக்கட்டும், பரிசளிப்பு நடக்கட்டும், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடையும் நினைவுப்பரிசும் இருக்கட்டும், பேருந்து வாடகை மட்டும் வேண்டாம் என்று முடிவாகிவிடுகிறது. கேட்பதற்கு இது சிக்கனம் போலத் தோன்றும். நம் கருத்தில் இது விதைநெல்லைக் குத்தி உலையிலிடும் செயலாகும்.

இதைக் கொல்கத்தாவைச் சான்றாக வைத்து விளக்க விரும்புகிறோம். கூட்டுத் தோட்டக்கலைக்கு அந்நகரில் நீண்ட மரபு உண்டு. வில்லியம் கேரி 1820ஆம் ஆண்டில் தொடங்கிய இந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இரு நூற்றாண்டுகளைக் கடந்து அலிப்பூரில் இன்றும் இயங்கிவருகிறது. சென்னையில் அதையொத்த சங்கம் 1835இல் தோன்றியது. பெரிய சங்கங்களைக் கண்டு வளர்ந்தவையே குடியிருப்புகளின் சிறு கழகங்கள். பணியிட மாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களுக்கு, வங்கிப் பணியாளர்களாகிய நம்மையும் சேர்த்து, புதிய நகரில் அண்டைவீட்டாருடன் பேச்சைத் தொடங்கிவைப்பது பலமுறை ஒரு பூந்தொட்டியே. நாம் செண்டுமல்லி என்பதை அவர்கள் காந்தா என்பார்கள். நம் சாமந்தி அவர்களுக்குச் சந்திரமல்லிகா. பெயர் மாறினாலும் பூச்சியும் நோயும் ஒன்றே.

அங்கு ஒரு கழகத்தின் ஆண்டு, மழையோடு தொடங்குகிறது. நடுவண் வேளாண் அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி 1950இல் தொடங்கிவைத்த வனமகோத்சவம் சூலை முதல் வாரத்தில் வரும். அப்போது தெருவோர மரக்கன்றுகள் நடப்படும். சாமந்தித் தண்டுகளை வெட்டி மணலில் ஊன்றி வேர்பிடிக்கச் செய்வதும் மழைக்காலத்து வேலையே. கடுகுப் புண்ணாக்கை நீரில் பல நாள் ஊறவைத்து, அதை வெளிறிய தேநீரின் நிறம் வருமளவு நீர்த்து ஊற்றுவது வங்காளத் தோட்டக்காரர்களின் பழைய வழக்கம். துர்க்கை பூசை முடிந்ததும் குளிர்காலப் பூக்களின் விதைப்பு மும்முரமாகும். டேலியாவைத் தொட்டிக்கு மாற்றுவர். ரோசாச் செடிகளைக் கவாத்து செய்வர். சாமந்தியில் பெரிய பூ வேண்டுமாயின் பக்க மொட்டுகளைக் கிள்ளி, கிளைக்கு ஒரு மொட்டையே விட்டுவைக்க வேண்டும். திசம்பரில் சாமந்தியும், அடுத்த இரு திங்களில் டேலியாவும் பெட்டூனியாவும் காட்சிக்கு வரும். மார்ச்சில் விதை சேகரிப்பு; அதன்பின் கோடைக்காற்றான கால்பைசாகியிலிருந்து தொட்டிகளைக் காக்கும் பாடு. இவ்வாறு பன்னிரு திங்களும் வேலையுண்டு.

இவ்வேலைகளில் பொதுமக்கள் காண்பது மலர்க்காட்சி ஒன்றையே. ஆனால் காட்சியில் வைக்கப்பட்ட மலர் தான் வளர்ந்த வழியைச் சொல்வதில்லை. பரிசுபெற்ற செடியைப் பார்த்துப் புதிய உறுப்பினர் வியக்கிறார். சில வேளைகளில், 'இது நமக்கு ஆகாது' என்று மனம் தளர்ந்தும் போகிறார். அத்தளர்ச்சியைப் போக்குவது பயணமே.

ஹவுராவிலிருந்து கரக்பூர் செல்லும் இருப்புப்பாதையில் பான்ஸ்குராவை அடுத்து கீராய் என்ற சிறு நிலையம் உள்ளது. குளிர்காலத்தில் கங்சாவதி ஆற்றையொட்டி அங்கு வயல்கள் முழுவதும் சாமந்தியும் செண்டுமல்லியுமாக இருக்கும். காலையில் சென்று மாலையில் திரும்பிவிடலாம். அங்கே பூ வளர்ப்பது பரிசுக்காக அன்று, பிழைப்புக்காக. எத்தனை நாளுக்கொரு முறை நீர் பாய்ச்சுவது, அழுகல் கண்ட செடியை எப்போது பிடுங்கி எறிவது, சந்தை விலை வீழ்ந்தால் என்ன செய்வது என்பவற்றை உழவரிடமே கேட்டறியலாம். அவர்கள் பறித்த பூ ஹவுரா பாலத்தடியில் உள்ள மல்லிக்காட் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்பதையும் பார்த்துவிட்டால், தொட்டியில் பூத்த ஒரு மலரின் மதிப்பு விளங்கும்.

மற்றொரு பயணம் சிப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு. இராபர்ட் கிட் 1787இல் நிறுவிய அப்பூங்காவின் ஆலமரம் உலகப் புகழ் பெற்றது. 1864, 1867ஆம் ஆண்டுகளின் புயல்களில் அம்மரம் சிதைவுற்றது. பின்னர்ப் பூஞ்சை தாக்கிய அதன் அடிமரம் 1925இல் அகற்றப்பட்டது. அடிமரம் இன்றியே, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகளைத் தாங்கி அது தழைத்து நிற்கிறது. கழகங்கள் கற்கவேண்டிய பாடம் இதுவே. நம் கழகங்கள் பெரும்பாலும் ஒரே ஒரு செயலாளரின் உழைப்பால் நிற்பவை. அவர் முதுமையால் ஓய்ந்தாலோ ஊர் மாறினாலோ கழகமும் ஓய்கிறது. விழுதுகள் உருவாக வேண்டுமெனில் இளையோர் வரவேண்டும். மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத்தில் மூத்தவர் அருகில் அமர்ந்த இளையவர் கேட்கும் கேள்விகள், மேடை வைத்த கூட்டத்தில் கேட்கப்படுவதில்லை.

செடி வளர்ப்பைக் கைப்பேசிக் காணொளிகளே கற்பித்துவிடுகின்றனவே, பயணம் எதற்கு என்று சிலர் வினவலாம். காணொளி பயனுடையது; மறுக்கவில்லை. ஆயினும் தன் மண்ணைக் கையில் எடுத்து அதன் ஈரத்தைச் சொல்ல அதனால் இயலாது. வாடகை உயர்ந்துவிட்டது என்பதும் மெய்யே. அதற்கு விடை பயணத்தை நிறுத்துவது அன்று, முன்கூட்டியே திட்டமிடுவது. நாற்பது உறுப்பினர் திங்கள்தோறும் ஆளுக்கு நூறு ரூபாய் செலுத்தினால், வட்டியைச் சேர்க்காமலே ஓராண்டில் 48,000 ரூபாய் சேரும். அத்தொகையைத் தொடர் வைப்பில் இட்டு, முதிர்வு நாளைப் பயணக் காலத்தோடு பொருந்த வைத்தால், கடைசி வாரத்தில் வீடுவீடாகச் சென்று கேட்கும் நிலை வராது.

இங்கு வங்கியாளர் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. பல கழகங்களின் பணம் பொருளாளரின் சொந்தக் கணக்கிலேயே கிடக்கிறது. அவர் நேர்மையில் யாருக்கும் ஐயமில்லை. எனவே ஒருவரும் பேசுவதில்லை. ஆனால் அவர் திடீரென மறைந்தால், அக்கணக்கிலுள்ள தொகையைக் கோரும் உரிமை நியமனதாரருக்கும் சட்டப்படியான வாரிசுகளுக்குமே உண்டு. அதில் ஒரு பகுதி கழகத்துடையது என்பதை வங்கி தானாக அறிய இயலாது. துயரில் இருக்கும் குடும்பத்திடம் சென்று சந்தாப் பணத்தைக் கேட்பது இரு தரப்புக்கும் கொடிது. நல்ல நட்பு ஒரு சில ஆயிரம் ரூபாயால் முறிய வேண்டியதில்லை.

இதைத் தவிர்க்கும் வழி எளியது. கழகத்தின் பெயரில் வருமானவரி நிரந்தரக் கணக்கு எண் பெற்று, செயற்குழுத் தீர்மானத்துடன் தனிக் கணக்கு தொடங்கலாம். இருவர் கூட்டாகக் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க இயலும் என வரையறுக்கலாம். பொறுப்பாளர் மாறும்போது புதிய தீர்மானத்தைக் கிளையில் அளிக்க வேண்டும். ஏழு பேர் சேர்ந்தால் 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவும் செய்யலாம்; சில மாநிலங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. தங்கள் கழகத்துக்கு எவ்வகைக் கணக்குப் பொருந்தும், என்னென்ன ஆவணங்கள் தேவை என்பவற்றைக் கிளை மேலாளரிடம் கேட்டறிவது நலம்.

ஒழுங்கான கணக்கால் விளையும் மற்றொரு நன்மை, இடர்க்கால நிதி. 2020 மே 20ஆம் நாள் ஆம்பன் புயல் தாக்கியபோது கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சிப்பூர்ப் பூங்காவும் தப்பவில்லை. அத்தகைய நாளில் கூலியாளை அழைத்துச் சாய்ந்த இளமரத்தை நிமிர்த்தி முட்டுக்கொடுக்க, உடனே எடுக்கத்தக்க பணம் வேண்டும். முந்தைய மாதம் பொன்னாடைக்கும் கோப்பைக்கும் அனைத்தையும் செலவிட்ட கழகத்தால் அது இயலாது.

பரிசே கூடாது என்பது நம் வாதமன்று. உழைத்தவரைப் பாராட்டுவது நம் பண்பாடு. கோப்பைக்கு மாற்றாக ஒரு நல்ல மண்வெட்டியோ ஒட்டுச்செடியோ தரலாம்; விருந்தினருக்கு உறுப்பினர் வளர்த்த பூங்கொத்தே போதும். மிச்சமாகும் தொகை பயணத்துக்கும் இடர்க்கால நிதிக்கும் செல்லட்டும்.

அடுத்த பொதுக்குழுவில் வரவுசெலவு அறிக்கை வாசிக்கப்படும்போது வாடிக்கையாளர்கள் இரண்டு கேள்விகளை எழுப்புமாறு வேண்டுகிறோம். கழகத்தின் பணம் யார் பெயரில் இருக்கிறது? இவ்வாண்டுப் பயணத்தில் புதிதாகச் சேர்ந்தோர் எத்தனை பேர் வருகிறார்கள்? இவ்விரண்டுக்கும் நிறைவான விடை கிடைக்கும் கழகத்தில், இன்றைய செயலாளர் ஓய்வுபெற்ற பின்பும் குளிர்காலம்தோறும் சாமந்தி பூக்கும்.