ஒரு செக்கன் றெக்கோட்டுக்கு யார் காசு கட்டுறது?

2022 டிசம்பரில் இன்டெலின் ஐ9 13900கே புரொசெசர் 9 கிகாஹேர்ட்ஸைத் தாண்டிவிட்டது எண்ட செய்தி வந்தபோது, எங்கட வட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் ஒரே நாளில் நாலு தரம் சுத்தினது. நாங்களும் நெருப்புப் படம் போட்டுக் கொண்டாடினனாங்கள். அதை மறைக்கப் போறதில்லை.

அடுத்த வருசம் எங்களில் ஒராள், ரெண்டு வருசம் ரியூசன் குடுத்துச் சேர்த்த காசோட கொம்பியூட்டர் வாங்கப் போனார். டொலர் 200 ரூபாவிலிருந்து 360 அளவுக்கு ஏறி, எல்லா விலையும் தலைகீழான பிறகு. கடைக்காரர் எடுத்துக் காட்டினது ஓவர்குளொக் செய்யக்கூடிய 'கே' ரகம். "உலக றெக்கோட் அடிச்ச குடும்பம் தம்பி" எண்டார். அதோட சேர்த்துக் குடுத்த மதர்போட் பி660. அந்த வகைப் போட்டில் புரொசெசரின் பெருக்கியைக் கூட்ட இன்டெல் விடுறதில்லை. திறக்கிற கதவுக்குக் காசு கட்டி வாங்கி, அதைச் சுவருக்குள்ள வைச்சுப் பூசின கதை. 'கே' எழுத்துக்காக அவர் கூடக் குடுத்த காசு, உண்மையில் அந்த வட்ஸ்அப் படத்துக்குக் குடுத்த காசு.

அந்தப் படத்தில் இருந்தது என்ன? உலோகக் கிண்ணம் ஒண்டைப் புரொசெசருக்கு மேல பூட்டி, அதுக்குள்ள திரவ ஈலியம் ஊத்துகினம். ஈலியம் கொதிக்கிறது மைனஸ் 269 பாகையில். ஈரம் பிடிச்சுக் கருகாமல் இருக்க, இப்படியான வேலைகளில் போட்டைச் சுத்தி வாசலின் பூசுற ஆக்களும் இருக்கினம். பிறகு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இயந்திரம் உறைஞ்சு நிக்கிறதுக்கு முதல் சிபியூ-இசட் எண்ட சின்ன மென்பொருளில் ஒரு பதிவு எடுக்கினம். அந்தக் கணத்தில் புரொசெசர் ஒரு கணக்கையும் செய்து முடிக்க வேண்டியதில்லை. அந்த எண்ணில் ஒரு செக்கன் நிண்டாலே காணும். அந்த நிலையில் ஒரு வீடியோவை எடிற் பண்ண முடியுமா எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை.

2011 ஓகஸ்ட் 31. ஏ.எம்.டி தன்ர எஃப்எக்ஸ் 8150 புரொசெசரை 8.429 கிகாஹேர்ட்ஸுக்குக் கொண்டுபோய் கின்னஸில் பதிஞ்சுது. எட்டுக் கோர் எண்டு விக்கிற சாமான். றெக்கோட் நேரத்தில் வேலை செய்தது ரெண்டு கோர்தான், மிச்சம் ஆறும் அணைச்சுக் கிடந்தது. செய்தி செப்ரெம்பரில் வந்துது. சாமான் கடைக்கு வந்தது ஒக்ரோபரில். இடையில ஒரு மாதம் உலகம் முழுக்க அந்த எண்தான் ஓடினது. பிறகு றிவியூக்கள் வந்தன. கேம்களில் இன்டெலின் ஐ5 2500கே முன்னுக்கு நிண்டுது. சில சோதனைகளில் ஏ.எம்.டியின்ர சொந்தப் பழைய ஆறு கோர் பெனமே இதை முந்தினது. 8.429 பொய்யில்லை. ஆனால் பெட்டிக்குள்ள வந்த 3.6 கிகாஹேர்ட்ஸ் சாமானைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லேல்லை.

இன்டெல்காரர் இதைவிட ஒருபடி மேல. 2018 ஜூனில் தாய்பேயில் நடந்த கம்பியூரெக்ஸ் மேடையில் 28 கோர் புரொசெசர் ஒண்டை எல்லாக் கோரும் 5 கிகாஹேர்ட்ஸில் ஓடக் காட்டிச்சினம். சனம் கை தட்டினது. பிறகு செய்தியாளர்கள் போய்ப் பாக்க, கீழ ஒரு குதிரைவலு அளவில் தண்ணியைக் குளிராக்கிற இயந்திரம் ஒண்டு இருந்துது. பெரிய மீன்தொட்டிகளுக்குப் பாவிக்கிற வகை. ஓவர்குளொக் செய்தது எண்டு சொல்ல மறந்துபோனம் எண்டது கொம்பனியின்ர விளக்கம். மேடைப் பேச்சை நாள்கணக்கா ஒத்திகை பாக்கிற கொம்பனி, அந்த ஒரு வரியை மட்டும் மறந்துபோச்சாம். நம்புற ஆக்கள் நம்பட்டும். அந்தச் சாமான் 2019 தொடக்கத்தில் சியோன் டபிள்யூ 3175எக்ஸ் எண்டு விற்பனைக்கு வந்துது. அடிப்படை வேகம் 3.1 கிகாஹேர்ட்ஸ். விலை 2,999 டொலர்.

ஓவர்குளொக் செய்யிற பெடியளோட எங்களுக்குச் சண்டையில்லை. அது ஒரு விளையாட்டு. கோலூன்றிப் பாயிறவரிட்ட, இதாலதான் ஒவ்வொரு நாளும் மதில் தாண்டி வேலைக்குப் போறியா எண்டு கேக்கேலாது. சொல்லப்போனால் கொம்பனிகளை விட அவங்களிட்டத்தான் ஒழுங்கு கூட. 2013 ஓகஸ்டில், விண்டோஸ் 8இல் அடிப்படைக் கடிகாரத்தை மாத்தினால் இயங்குதளத்தின் நேரமே பிசகுது, அதால பொய்யான நல்ல மதிப்பெண் எடுக்கலாம் எண்டு கண்டுபிடிச்சவுடன, எச்டபிள்யூபொட் எண்ட அவையின்ர பதிவேடே விண்டோஸ் 8 முடிவுகளை ஏற்காமல் விட்டது. தங்கட ஆக்களின்ர புள்ளிகளைத் தாங்களே வெட்டினவை. எந்தக் கொம்பனி அப்பிடிச் செய்தது?

எங்கட கோவம், அந்த விளையாட்டை எடுத்து விலைச்சீட்டில் ஒட்டுறவையோடயும், அதை ஏன் எண்டு கேளாமல் விடுற றிவியூக்காரரோடயும்தான்.

2018 ஒக்ரோபரில் இன்டெல் காசு குடுத்துப் பிரின்சிபில்ட் ரெக்னொலஜீஸ் எண்ட நிறுவனத்தைக்கொண்டு ஐ9 9900கேயை ஏ.எம்.டியின்ர ரைசன் 7 2700எக்ஸோட ஒப்பிட்டுது. முன்பதிவு தொடங்கியாச்சு. சுயாதீன றிவியூக்காரர் வாய் திறக்கக்கூடாத தடைக்காலம். அந்த இடைவெளியில் இந்த முடிவு மட்டும் வெளியில வந்துது. ரைசனை 'கேம் மோட்'டில் போட்டுச் சோதிச்சிருந்தவை. பேரைக் கேட்டால் கேமுக்கு நல்லது மாதிரி இருக்கும். எட்டுக் கோர் புரொசெசரில் அது செய்யிறது பாதிக் கோரை அணைக்கிறது. கேமர்ஸ் நெக்சஸ் போன்றவர்கள் நேரிலேயே போய்க் கேள்வி கேட்ட பிறகுதான் திரும்பச் சோதிச்சவை.

2016இல் எம்.எஸ்.ஐயும் ஏசுஸும் றிவியூக்காரருக்கு அனுப்பின ஜிடிஎக்ஸ் 1080 கார்ட்டுகள், கடையில விக்கிறதை விடக் கொஞ்சம் கூடின வேகத்தில் செட் பண்ணி இருந்தன. வித்தியாசம் சின்னன். ஆனால் அட்டவணையில ஒரு இடம் மேல போக அந்தச் சின்னன் காணும்.

அந்த அட்டவணைப் பைத்தியம் எங்க கொண்டுபோய் விடுது எண்டதுக்கு இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறைக் கதையைப் பாருங்கோ. மேல்தட்டுப் புரொசெசர்களுக்கு இன்டெல் எழுதி வைச்ச மின் எல்லை 253 வொட். கன மதர்போட்டுகள் பெட்டியால எடுத்த நேரமே அதை 4096 வொட்டில வைச்சிருந்தன. எல்லையே இல்லை எண்டதுதான் அதின்ர அர்த்தம். றிவியூக்களில் ஓடினதும் கனக்க அந்த நிலையிலதான். 2024இல் பாவனையாளரின் இயந்திரங்கள் விழத் தொடங்க, முதலில் போட்டுகளைப் பார்த்துக் கை நீட்டின இன்டெல், பிறகு தன்ர மைக்ரோகோட் தேவைக்கு மேல வோல்ற்றளவு கேட்டதை ஒத்துக்கொண்டு உத்தரவாதத்தை ரெண்டு வருசம் நீட்டினது. முழுப் பழியும் போட்டுக்காரரில் இல்லை. ஆனால் அந்த 4096ஐ அத்தனை நாளும் ஏன் எண்டு கேட்ட றிவியூ எத்தினை?

கேக்காததுக்குக் காரணம் இருக்கு. சாமான் ஓசியில வருது, முதல் நாளே போடாட்டி ஒருத்தரும் பாக்கமாட்டினம், கொம்பனியோட பகைச்சால் அடுத்த சாமான் வராது. 2020 டிசம்பரில் ஹார்ட்வெயார் அன்பொக்ஸ்ட் எண்ட அவுஸ்திரேலிய யூரியூப்காரர் ரே ட்ரேசிங்கை வேணுமான அளவு புகழேல்லை எண்டு, இனித் தன்ர கார்ட்டுகளை அனுப்பமாட்டன் எண்டு என்விடியா கடிதம் போட்டுது. சத்தம் எழும்ப ரெண்டு மூண்டு நாளில் பின்வாங்கினது. 2025 மேயில் ஆர்டிஎக்ஸ் 5060 வந்தபோது, கார்ட் கையில இருந்தும் கன பேருக்கு வெளியீட்டுக்கு முதல் ட்ரைவர் குடுக்கேல்லை. என்விடியா சொன்ன கேமை அது சொன்ன அமைப்பில ஓடிக் காட்ட ஒத்துக்கொண்ட சிலருக்கு மட்டும் குடுத்தவை. அதுக்குப் பேர் விளம்பரம்.

எங்களுக்குள்ளயே ஒராள் கேட்டா: "நீங்கள் மட்டும் திறமோ? ஓசியில வந்த புத்தகத்துக்கும், பாஸ் தந்த படத்துக்கும் இங்க விமர்சனம் எழுதேல்லையோ?" எழுதினனாங்கள். ஓசி எண்டு ஒரு வரி போட்டதில்லை. இனிப் போடுறம். பழைய விமர்சனங்களிலும் போய்ச் சேர்க்கிறம். யூரியூப்காரரிட்டக் கேக்கிறதும் அதைத்தான்: சாமான் கடையில வாங்கினதோ கொம்பனி தந்ததோ, எத்தினை கோர் ஓடினது, எவ்வளவு நேரம், மின் எல்லை எவ்வளவு, அறை எத்தினை பாகை.

கடைசியாச் சொன்னது எங்களுக்குச் சின்ன விசயமில்லை. 21 பாகை ஏசி அறையில எடுத்த எண்ணை நம்பி வாங்கின எங்கட நண்பரின்ர 'கே', ஓடு போட்ட அறையில சித்திரை மாத மத்தியானம் ஓடுது. ஓவர்குளொக் ஒண்டும் இல்லாமலே மின்விசிறி இரையிற இரைச்சலில் பக்கத்து அறையில ரியூசன் எடுக்கேலாதாம். அவர் இப்ப புரொசெசரின்ர மின் எல்லையை 125 வொட்டுக்குக் குறைச்சு வைச்சிருக்கிறார்.