இடுப்புப் பட்டையை வீட்டிலேயே தைப்போம்



நாட்டில் பேச வேண்டிய விஷயங்கள் ஆயிரம் இருக்க, இடுப்பில் கட்டும் துணிப் பட்டையைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சிலர் புன்னகை செய்யக்கூடும். செய்யட்டும். பெரிய விஷயங்களைப் பற்றிக் கருத்துச் சொல்ல நம்மிடையே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஓர் ஊசியும் சிறிது துணியும் கொண்டு வீட்டில் ஒரே நாளில் செய்து முடிக்கக்கூடிய காரியத்தைப் பற்றிப் பேசத்தான் ஆள் குறைவு.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எங்கள் பலமனேர் கடைவீதியில் பெற்றோர் கூட்டம் அலைமோதும். நோட்டுப் புத்தகம், காலணி, சீருடை எல்லாம் வாங்கிய பிறகு, கடைசியாக ஒரு பெல்ட். பெரும்பாலும் எலாஸ்டிக் அல்லது ரெக்ஸின். தீபாவளி வருவதற்குள் எலாஸ்டிக் தொய்ந்துவிடும். ரெக்ஸின் செதில் செதிலாக உரியும். அதில் ஊசியை ஏற்றினால் குத்திய இடமெல்லாம் கிழியும், ஒட்டினால் ஒட்டாது. தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் ஒன்று வாங்க வேண்டியதுதான். இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள கூலிக் குடும்பத்துக்கு இது சின்னச் செலவு அல்ல.

"அப்படியானால் நல்ல தோல் பெல்ட்டாக வாங்கு" என்பார்கள். தோல் உழைக்கும்; மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தோலின் இன்னொரு விலையும் தெரியும். பலமனேர்ப் பக்கத்து மலைகளில் ஓடும் கவுண்டின்யா ஆறு குடியாத்தம் வழியாகப் போய்ப் பாலாற்றில் கலக்கிறது. அந்தப் பாலாற்றங்கரையில்தான் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அவற்றின் கழிவு நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்பதை இந்த நாட்டின் சட்டமாகவே அது ஏற்றுக்கொண்டது. தோலை நம்பிப் பிழைக்கும் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. வளரும் பிள்ளைக்கு வருஷத்துக்கு ஒரு தோல் பட்டை தேவைதானா என்பதே என் கேள்வி.

இதற்கு விடை பழைய தையல்காரர்களிடம் இருக்கிறது. என் பெரியத்தை கோலார் தங்கவயலில் வாழ்க்கைப்பட்டவர். ஐம்பதுகளில் சுரங்க அதிகாரிகளின் வீட்டு அம்மாக்களுக்குக் கவுன் தைத்துக் கொடுத்தவர். கவுன் எந்தத் துணியோ அதே துணியில் பட்டை, அதே துணி போர்த்திய பக்கிள் என்பது அந்தக் காலத்து நாகரிகம். அவரிடம் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் துணியை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். சுருங்க வேண்டிய துணி வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிடட்டும். பிறகு பாவு ஓடும் திசையில், அதாவது கரைக்கு இணையாக, நீளமாக வெட்ட வேண்டும். ஊடை வாக்கில் வெட்டிய பட்டை இழுபடும். பாவு வாக்கில் வெட்டியது அவ்வளவாக இழுபடாது. பிள்ளையின் இடுப்பு 26 அங்குலம் என்றால் நீளம் 34 அங்குலம். பட்டை ஒன்றரை அங்குல அகலம் வர வேண்டுமானால் துணியின் அகலம் 4 அங்குலம். 36 அங்குல அகலமுள்ள துணியில் ஒரு மீட்டர் வாங்கினால் ஒன்பது பட்டைக்கு வரும்!

விறைப்புக்காக இப்போது எல்லோரும் பக்ரம் வைக்கிறார்கள். பசையால் விறைத்த பக்ரம் நாலு சலவையில் துவண்டுவிடும். பெரியத்தை அதைத் தொடமாட்டார். பழைய காக்கித் துணியை மூன்று மடிப்பாக உள்ளே வைத்து, மேல் துணியின் இரு ஓரங்களையும் அரை அங்குலம் உள்ளே மடக்கி மூடி, நீளவாக்கில் கால் அங்குலத்துக்கு ஒரு வரியாக மிஷினில் ஓட்டிவிடுவார். அந்தத் தையல் வரிகளே பட்டைக்கு முதுகெலும்பு. எத்தனை முறை துவைத்தாலும் அந்த விறைப்பு போகாது.

துளை போடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. துளைக் கருவி இழைகளை அறுத்துவிடும். அதில் மாட்டிய பித்தளை வளையம் நாளடைவில் பிடுங்கிக்கொண்டு வரும். குத்தூசியோ இழைகளை அறுக்காமல் விலக்கி வழி செய்யும். அந்த வழியைச் சுற்றி நெருக்கமாகக் காஜா எடுத்துவிட்டால், பட்டை நைந்தாலும் துளை நைவதில்லை. துளையே வேண்டாம் என்றால் இரண்டு வளையங்களைக் கோத்து, நுனியை ஒன்றில் நுழைத்து மற்றொன்றின் வழியே திருப்பி இழுத்தால் போதும். இடுப்பு வளர வளரப் பட்டையும் இடம் கொடுக்கும்.

இவையெல்லாம் பொழுதுபோக்குக்காகப் பிறந்த முறைகள் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் 1941 ஜூன் முதல் துணிக்குக் கூப்பன் வந்தது. இருப்பதைக் கொண்டு தைத்துச் சமாளிப்பது எப்படி என்று 1943-இல் அந்த அரசாங்கமே மக்களுக்குச் சிறு புத்தகம் வெளியிட்டது. அதே 1943-இல் நம் நாட்டிலும் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. துணி கிடைக்காத காலத்தில் துணியின் அருமை தெரிந்தவர்கள் போற்றிய கைத்திறன் இது. துணி மலிந்த காலத்தில் அதை நாம் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

"கடையில் மலிவாகக் கிடைப்பதற்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்து தைப்பானேன்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உழைப்புக்குக் கூலி போட்டால் வீட்டுப் பட்டை மலிவு ஆகாது. இதைத் தைத்து விற்றுப் பிழைக்கலாம் என்றும் நான் ஆசை காட்டமாட்டேன். ஆனால் கடைப் பட்டை அறுந்தால் குப்பை. வீட்டுப் பட்டை அறுந்தால் கால் மணி நேர வேலை. தான் செய்த பொருளைத் தானே பழுது பார்க்கத் தெரிந்த பிள்ளை, எந்தப் பொருளையும் எளிதில் தூக்கி எறியாது. அந்தப் பழக்கத்துக்கு விலை போட முடியுமா?

தையல் பழகுகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த முதல் பாடமும் இல்லை. இரவிக்கையில் தொடங்கினால் அக்குளில் வந்து முட்டிக்கொண்டு பாதியில் கைவிடுவார்கள். பட்டையில் எல்லாம் நேர்கோடு. அளவெடுப்பது, பாவு பார்ப்பது, ஓட்டுவது, காஜா எடுப்பது என்று நான்கு பாடங்கள் ஒரே நாளில் முடிந்து, மாலையில் இடுப்பில் கட்டிக்கொண்டு போகலாம். ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கடைவீதியில் மிஷின் மிதிப்பவர்களில் எத்தனையோ பேர் ஆண்கள். வீட்டுக்குள் மட்டும் ஊசி பெண்ணுக்கு உரியது என்று எந்தச் சாஸ்திரம் சொல்கிறது? இயந்திரங்களைக் கடுமையாக விமர்சித்த காந்தியடிகளே 1924-இல் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விதிவிலக்கு அளித்தார். மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் மிஷினுக்கு நாமும் கொஞ்சம் எண்ணெய் விடலாம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1953-இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் அதில் சேர்ந்தது. எங்கள் வீட்டுத் தமிழ் வீட்டுக்குள்ளேயே தங்கியது. அதுவும் இப்போது மெலிகிறது. ஒருநாள் என் பேத்தி, "பாட்டி, தாரம் எங்கே?" என்று கேட்டாள். தெலுங்கில் அது நூல், தமிழில் மனைவி! "இதோ உட்கார்ந்திருக்கிறாளே" என்று அவள் தாத்தா என்னைக் காட்டினார். சிரித்தோம். தெலுங்கு எங்களுக்கு அன்னியம் அல்ல. சோறு போடும் மொழி. ஆனால் பாவு, ஊடை, இழை, கரை என்ற சொற்களை எந்தப் பாடநூலும் அவள் வாயில் வரவைக்கவில்லை. ஒரு பட்டை தைத்த அன்று நான்கும் வந்தன. பொத்தான்கூடப் போர்ச்சுகீசியரோடு வந்த சொல்தான். புழங்கினோம், தமிழாகிவிட்டது. புழங்காவிட்டால் சொந்தச் சொல்லும் போய்விடும். இழைக்கும் புத்தகத்துக்கும் 'நூல்' என்று ஒரே பெயர் வைத்த மொழி நம்முடையது என்பதை மறக்கலாமா?

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று பள்ளிகளுக்கு. ஒரு தனியார் பள்ளியில், சின்னம் பொறித்த பக்கிள் இல்லை என்று என் பேரனின் துணிப் பட்டையைக் கழற்றச் சொன்னார்கள். சின்னம் வேண்டுமென்றால் இருக்கட்டும். பக்கிள் கெடுவதில்லை, கெடுவது பட்டைதான். பழைய பக்கிளை வீட்டில் தைத்த பட்டையில் மாட்டி வர அனுமதியுங்கள். நிறமும் அகலமும் சொல்லிவிட்டால் போதும்.

மற்றொன்று நம் சங்கத்துக்கு. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் மாதம் ஒரு மணி நேரத்தைத் தையலுக்கு ஒதுக்குங்கள். சங்கக் குடும்பங்களில் தையல் அறிந்த மூத்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் அரசு நடத்திய லோயர், ஹையர் தையல் தேர்வுகளில் தேறியவர்களும் இருக்கக்கூடும். கேட்டால் மகிழ்ச்சியோடு வருவார்கள். ஒரு மீட்டர் துணி, ஒரு மிஷின், ஒன்பது பிள்ளைகள். இதில் ஐந்து பேர் ஆண்பிள்ளைகளாக இருந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி.