கெல்லிஸ் காசலும் நம் கோயிலும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கோப்பெங்கிலிருந்து பத்து காஜா செல்லும் சாலையில், ராயா ஆற்றை ஒட்டிய மேட்டில், முடிக்கப்படாமலே நிற்கிறது கெல்லிஸ் காசல். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ரப்பர் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் வேலை நின்றது.

ஐரோப்பியப் பயணி அங்கே தன் நாட்டவர் ஒருவரின் நிறைவேறாத கனவைக் காண்கிறார். உள்ளூர் இளைஞர்கள் பலர் பேய்க்கதை கேட்டு வருகிறார்கள். திருமணப் படம் எடுக்க வரும் ஜோடிகளுக்கு அந்தச் செங்கல் வளைவுகளே போதும்.

தமிழர் பார்வை வேறு. சென்னை மாகாணத்திலிருந்து வந்த நம்மவர்கள் உழைத்த இடம் அது. விஷக்காய்ச்சல் பரவித் தொழிலாளர்கள் மாண்டபோது, மாரியம்மனுக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்று கேட்டார்கள். ஸ்மித்தும் இசைந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அக்கோயில் சற்றுத் தொலைவில் இன்றும் இருக்கிறது. அதன் மேல்தளத்தில், சாமி சிலைகளுக்கு நடுவே, வெள்ளை உடையும் தொப்பியுமாக ஒரு துரை நிற்கிறார். ஸ்மித்துக்குத் தொழிலாளர்கள் செய்த மரியாதை அது என்கிறார்கள்.

மாளிகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே ஈப்போவுக்குத் திரும்பும் சுற்றுலாப் பேருந்துகள் அந்தக் கோயிலுக்கும் போக வேண்டும். வழிகாட்டிகள் பேய்க்கதைக்கு முன்பாக, காய்ச்சலில் செத்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் தமிழ்ப்பள்ளிகளும் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகட்டும். தோட்டத்தில் பாடுபட்ட தாத்தா பாட்டிகள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யட்டும்.