குடுவைச் செடியை நோயாளியின் பொறுப்பில் விடுங்கள்

நெடுநாள் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்புகிறவருக்கு எதைக் கொடுக்கலாம் என்று உறவினர்கள் கேட்பதுண்டு. பழக்கூடையும் சத்துமாவு டப்பாவும் எப்படியும் வந்து சேர்ந்துவிடுகின்றன. அவற்றில் பாதியைச் சர்க்கரை நோயாளியோ சிறுநீரக நோயாளியோ தொடவும் முடிவதில்லை. அவற்றுக்குப் பதிலாக ஒரு குடுவைச் செடியை வாங்கிச் சன்னலோரம் வையுங்கள் என்பது எங்கள் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை: அதை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் நோயாளியுடையதாக இருக்க வேண்டும், கவனித்துக்கொள்பவர் அதில் கைவைக்கலாகாது.

பள்ளிப் பாடநூலில் 'நெப்பந்தஸ்' என்ற பெயரோடு படமாக நாம் பார்த்த அதே பூச்சியுண்ணும் செடிதான் இது. இலையின் நுனி கொடிபோல் நீண்டு, அதன் முனை பருத்து, மூடியுடன் கூடிய குடுவையாகிறது. தேனை நாடி வரும் எறும்பு வழவழப்பான விளிம்பில் சறுக்கி உள்ளே விழும். அடியிலுள்ள நீர்மம் அதைச் செரித்துவிடும். சத்தற்ற மண்ணில் கிடைக்காத நைட்ரஜனை இச்செடி இவ்வாறு தேடிக்கொள்கிறது. பூச்சி விழுந்ததும் மூடி மூடிக்கொள்ளும் என்று பலர் நம்புகின்றனர். அது அசைவதே இல்லை, மழைநீர் உள்ளே நிறையாமல் காப்பதே அதன் வேலை. ஹோமரின் காவியத்தில் துயரை மறக்கச் செய்யும் ஒரு மருந்தின் பெயரையே லின்னேயஸ் 1737-இல் இச்செடிக்குச் சூட்டினார். நேரில் காண விரும்புவோர் புதுச்சத்திரத்திலிருந்து சேலம் வழியாக ஏற்காடு சென்றால், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தோட்டத்தில் காணலாம். அங்குள்ளது மேகாலயாவின் காசி, காரோ மலைகளுக்குரிய இனம். அழிவின் விளிம்பிலுள்ளது, சட்டப் பாதுகாப்புப் பெற்றது. வீட்டுக்கு அதைத் தேட வேண்டா. நாற்றங்காலில் பெருக்கிய 'வென்ட்ராட்டா' என்னும் கலப்பினமே போதும். புதியவர் கையிலும் அது எளிதில் மடியாது.

பொறுப்பு நோயாளியுடையதாக வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தக் காரணம் உண்டு. 1976-இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். ஒரு தளத்து முதியோரிடம் அவரவர் காரியங்களை அவரவரே முடிவுசெய்யலாம் என்று கூறி, ஆளுக்கொரு செடியைத் தந்து வளர்க்கச் சொன்னார்கள். மற்றொரு தளத்தினருக்கும் செடி கொடுத்தார்கள்; ஆனால் செவிலியரே நீரூற்றுவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வாரங்களில் முதல் தளத்தினர் கூடுதல் ஊக்கத்துடனும் மகிழ்வுடனும் காணப்பட்டனர். செடி ஒன்றே இதைச் செய்தது என்று கூற இயலாது; வேறு பல முடிவுகளும் அவர்கள் கையில் விடப்பட்டிருந்தன. எனினும் இரு தளங்களிலும் செடி இருந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது இரண்டாம் தளத்தின் வழி. மாத்திரையை எடுத்துக் கொடுப்பது மகள். மின்விசிறியின் வேகத்தைத் தீர்மானிப்பது மருமகள். எப்போது உறங்க வேண்டும் என்பதைக்கூட மற்றவரே சொல்கின்றனர். எல்லாம் அன்பினால்தான். ஆயினும் நேற்றுவரை காடுகழனியை ஆண்டவர் இன்று எதற்கும் பொறுப்பில்லாதவராகக் கட்டிலில் கிடக்கிறார். அவர் உடல்நிலைக்கு ஏற்ற வேலைகளுள் இது ஒன்று. நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் போதும். குனிய வேண்டியதில்லை, எடை தூக்க வேண்டியதில்லை.

இச்செடியின் தேவைகள் சிலவே. ஆனால் அவை நம் வழக்கத்துக்கு நேர்மாறானவை. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் இதற்கு ஆகாது. சேமித்த மழைநீரையோ, குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியில் வரும் நல்ல நீரையோ ஊற்ற வேண்டும். அக்கருவி கழிவாக வெளியேற்றும் நீரைத் தவிர்க்க வேண்டும், அதில் உப்பு இன்னும் அதிகம். தோட்டத்து மண், சாணஉரம், யூரியா எதுவும் கூடா. பலமுறை அலசி உப்பு நீக்கிய தென்னைநார்த் தூளும் மட்டைத் துண்டுகளும் கலந்து நட்டால் போதும். காலை வெயில் படும் கிழக்குச் சன்னல் நன்று. சித்திரை, வைகாசியில் நம் சமவெளியில் வெப்பம் 40 டிகிரியை நெருங்கும்போது நேர்வெயிலிலிருந்து விலக்கி, இலைகளில் நீர் தெளித்துவர வேண்டும். காற்று வறண்டால் புதுக் குடுவைகள் உருவாகா. செடி செத்துவிட்டதென்று கருத வேண்டா. ஈரப்பதம் கூடும்போது மீண்டும் தோன்றும். பழைய குடுவை காய்ந்து கருகுவதும் இயல்பே.

கோழிப்பண்ணைகள் சூழ்ந்த பகுதியில் ஈக்குப் பஞ்சமில்லை. செடி தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். அன்பின் மிகுதியால் முட்டையையும் கறித்துண்டையும் குடுவைக்குள் போட்டால் அது அழுகிவிடும்.

வேறு சில தவறான நம்பிக்கைகளையும் இங்கே மறுத்தாக வேண்டும். இச்செடி இருந்தால் கொசு ஒழியும் என்று சொல்லி விற்கிறார்கள். ஒழியாது, காடுகளில் சிலவகைக் கொசுக்களின் புழுக்கள் குடுவை நீரிலேயே வாழ்கின்றன. தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் நீர் தேங்கினால் டெங்குக் கொசு முட்டையிடும் இடமாகவே அது மாறும். தட்டை உடனுக்குடன் கவிழ்த்துவிடுங்கள். மேகாலயா மலைகளில் திறவாத குடுவையின் நீரைக் கண்ணோய்க்குப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. அதைக் கேள்வியுற்று எவரும் கண்ணில் விட்டுக்கொள்ளாதீர்கள்; கண்ணுக்கு மருத்துவர் தந்த சொட்டுமருந்தைத் தவிர வேறெதுவும் வேண்டா.

இந்தச் செடி எல்லோருக்கும் ஏற்றதன்று என்பதையும் சொல்லிவிடுகிறோம். புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெறுவோரும், உறுப்புமாற்றுச் செய்துகொண்டோரும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய பிறரும் மருத்துவரைக் கேட்காமல் தொட்டிச்செடி எதையும் அறைக்குள் வைத்துக்கொள்ளலாகாது. ஈரமான நடவுக்கலவையில் வளரும் பூஞ்சை அவர்களுக்குத் தீங்கு செய்யக்கூடும். இதே காரணத்தால் மருத்துவமனைக்குள்ளும் தொட்டிச்செடி கொண்டுவர வேண்டா. மற்றவர்களும் செடியைத் தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும்.

இடையில் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்ந்தால், அந்நாள்களில் மட்டும் வீட்டிலிருப்பவர் நீரூற்றலாம். எவ்வளவு ஊற்றுவது என்பதை நோயாளியிடம் கேட்டுக்கொண்டு ஊற்றுங்கள்.