வீழ்ந்தவனை ஏந்துவது யார்?

வில்லியனூரிலே லூர்து அன்னை ஆலயம் இருக்கிறது. அதே வில்லியனூரை அடுத்த ஆரியபாளையத்திலே, அரசுக்குச் சொந்தமான சாராய வடிசாலையும் இருக்கிறது. குடிகாரக் கணவன் திருந்தவேண்டுமென்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள் மனைவி, ஆலயத்திலே. அவன் குடிக்கப்போகும் சாராயத்தைக் கடைகளுக்கு அனுப்புகிறது அரசு, வடிசாலையிலிருந்து! கடைகளை ஏலம் விடுவதும் அரசு; ஏலத் தொகையை எண்ணி வைப்பதும் அரசு. வீழ்ந்தவனைத் தூக்கி நிறுத்துவது மட்டும் ஆண்டவன் பொறுப்பாம்!

1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. எல்லை தாண்டினால் பிரெஞ்சுப் புதுவையிலே தடையில்லை. 1954இல் பிரெஞ்சுக்காரன் ஆட்சியை விட்டுப் போனான், சாராயக்கடை போகவில்லை. பாகூர் வயலிலே உழைத்த கூலி, வீடு சேருமுன் கடையிலே கரைகிறது.

குடிக்கு அடிமையானவனைக் காசு வாங்காமல் தங்கவைத்து, சோறு போட்டுத் திருத்தும் பணியைக் கிறித்துவத் தொண்டர்கள் பல நாடுகளிலே செய்கிறார்கள். ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரிலே, 1980களில், ஹெராயினால் சீரழிந்த இளைஞர்களுக்காகப் பெத்தேல் என்ற இல்லம் தோன்றியது. கட்டணம் இல்லை. பழைய மேசை நாற்காலிகளைச் செப்பனிட்டு விற்று, அந்த உழைப்பிலேயே இல்லத்தை நடத்தினார்கள். மீண்டவனே அடுத்தவனை மீட்டான். நாம் பகுத்தறிவாளர்கள்; செபத்திலே நமக்கு நாட்டமில்லை. ஆனால், ஊரார் ஒதுக்கியவனை உள்ளே அழைத்துப் பாய் விரித்த கைகளைப் பாராட்டத் தயங்கமாட்டோம்.

பாராட்டு வேறு, பொறுப்பு வேறு. நெடுநாள் குடித்தவன் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களிலே கை நடுங்கும், வலிப்பு வரும், சித்தம் கலங்கும், உயிரே போகவும் கூடும். அந்த வேளையில் மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும். மேலும், இந்துவோ, இசுலாமியரோ, நம்மைப் போன்ற நாத்திகரோ, படுக்கை வேண்டுமானால் பிரார்த்தனைக்கு வந்தாகவேண்டும் என்றால், அது இலவசமா? காசுக்குப் பதில் கருத்தை வாங்குவதல்லவா?

"கடையை மூடினால் போதாதா?" என்பர் சிலர். 2024 ஜூனிலே கள்ளக்குறிச்சியைப் பார்த்தோமே! அரசே நடத்தும் மதுக்கடைகள் இருந்தும், மலிவு தேடி மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தவித்தவர்களில் சிலரைப் புதுவை ஜிப்மருக்குத்தான் தூக்கி வந்தார்கள். கடையைத் திறந்தாலும் மூடினாலும், அடிமைப்பட்டவனின் தவிப்பு அவனோடுதான் இருக்கிறது. அது நோய்!

நாம் மட்டுமா சொல்கிறோம்? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனக்கோளாறை நோய்க் கணக்கிலே சேர்த்திருக்கிறது. வறுமைக்கோட்டின் கீழ் வாழ்வோருக்கு அரசு நிலையங்களிலே இலவசச் சிகிச்சை பெறும் உரிமையையும் தந்திருக்கிறது. உரிமை, தோழர்களே! பிச்சையல்ல, பிரசாதமுமல்ல!

ஆளவந்தாரைக் கேட்கிறோம்: ஏலத் தொகையிலே ஒரு பங்கை எடுத்துவையுங்கள். வில்லியனூரில் ஒன்று, பாகூரில் ஒன்று, மருத்துவரும் செவிலியரும் உள்ள இலவச மீட்பு இல்லம் அமையுங்கள். மாதக்கணக்கில் தங்க இடமும், கற்றுக்கொள்ளத் தொழிலும், அதுவரை குடும்பத்துக்கு அரிசியும் கொடுங்கள். தொண்டு செய்ய வரும் கன்னியரும் வரட்டும், கழகத் தோழரும் வரட்டும். வாசலிலே, "உன் மதம் என்ன?" என்ற கேள்வி மட்டும் வேண்டாம்.

சாராயம் விற்கும்போது அதை யாரும் கேட்பதில்லையே!