விழிப்புணர்வு யாருக்கு வேண்டும்?

காலநிலை மாற்றம் பற்றி விவசாயிகளுக்கு விழிப்புணர்வு ஊட்டுவதற்கென எங்களூரில் நடந்த ஒரு செயலமர்வில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். அன்று நான் செய்த ஒரு தவறிலிருந்தே இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

பாடசாலை மண்டபத்தில் பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கோவையும் பேனையும் கொடுத்தார்கள். பகலைக்குச் சோற்றுப் பார்சலும் ஒழுங்காகியிருந்தது. வளவாளர் நல்ல மனிதர். அவர் பேசியது சிங்களத்தில், திரையில் விழுந்த எழுத்துகள் ஆங்கிலத்தில். பூமி சூடாகிறது, மழையின் போக்கு மாறுகிறது, ஆகவே விவசாயிகள் குறுகிய கால நெல்லினங்களுக்கு மாற வேண்டும், நீரைச் சிக்கனப்படுத்த வேண்டும், சிறுபோகத்தில் பயறு, கௌபி போன்றவற்றையும் யோசிக்க வேண்டும் என்றார். ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியில், பல காலம் வட்டவிதானையாக இருந்த ஒரு பெரியவர் பின்வரிசையிலிருந்து எழும்பினார்.

“மகன், இவர் சொல்றதெல்லாம் சரி. மூண்டு மாசத்து நெல்ல விதைக்கச் சொன்னா விதைக்கிறம். ஆனா தண்ணி எத்தினையாம் திகதி திறக்கிற, எத்தினையாம் திகதி பூட்டுற எண்டு எங்களுக்கு முந்திச் சொல்றது ஆரு? எங்கட வாய்க்காலுக்குத் தண்ணி வந்து சேரக்குள்ள மேல உள்ளவங்க விதைச்சி ஒரு மாசம் போயிரிது. அதையும் ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்க.”

நான் வளவாளரின் பக்கம் திரும்பி, “விவசாயிகள் நீர் முகாமைத்துவம் பற்றி மேலும் அறிய விரும்புகிறார்கள்” என்றேன். அவர் மகிழ்ச்சியோடு தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அதிபர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், பார்சல்களும் வந்துவிட்டன. வந்த விருந்தாளியைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற எங்களூர்ப் பண்பும் இருந்தது. அந்தப் பெரியவருக்குச் சந்தைச் சிங்களம் நன்றாகவே விளங்கும். வெளியே போகும்போது, “நான் கேட்டது அதில்லையே மகன்” என்று மட்டும் சொன்னார். ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் மொழியும் கற்பித்தலும் படித்து வந்த எனக்கு அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது.

இப்போது விடயத்துக்கு வருகிறேன். காலநிலை மாற்றத்துக்கு ஏற்றவாறு கிராமத்து விவசாயியைத் தயார்படுத்துவது என்ற பேச்சு முழுவதும் ஒரு பிழையான எடுகோளின் மீது நிற்கிறது. விவசாயிக்குத் தெரியாது, தெரியப்படுத்தினால் மாறிவிடுவான் என்பதே அந்த எடுகோள். எனது வாதம் வேறு. விவசாயிக்குத் தெரியும். தெரிந்ததைக் கொண்டு தீர்மானிக்கும் இடத்தில் அவன் இல்லை. அந்த இடத்தைக் கொடுக்காமல் விழிப்புணர்வை மட்டும் கொடுப்பது, கையைக் கட்டிவிட்டு நீச்சல் பழக்குவது போன்றது.

தெரியாது என்று சொல்பவர்கள் கடந்த பதினைந்து வருடங்களை ஒருக்கால் எண்ணிப் பார்க்கட்டும். 2011 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் அடுத்தடுத்து வந்த வெள்ளங்கள் கிழக்கின் பெரும்போக வேளாண்மையை அறுவடை வாசலில் வைத்து அழித்தன. 2016/2017 பெரும்போகத்தில் மழையே இல்லை. 2016இல் சுமார் 44 இலட்சம் மெற்றிக் தொன்னாக இருந்த நாட்டின் நெல் உற்பத்தி, 2017இல் சுமார் 24 இலட்சம் தொன்னுக்கு இறங்கியது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, அதே வருடம் நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பயிர் மஞ்சளாகிப் போயிருந்தது. 2024 நவம்பரில் மீண்டும் வெள்ளம். மாவடிப்பள்ளியில் நீர் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரத்திலிருந்து மத்ரஸா மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டதை இந்த இதழின் வாசகர் எவரும் மறந்திருக்க மாட்டார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டையே புரட்டிப் போட்டது. இத்தனைக்கும் பிறகு, கடன்பட்டு மீண்டும் மீண்டும் விதைத்த ஒரு மனிதனை அழைத்து, “காலநிலை மாறுகிறது, தெரியுமா?” என்று கேட்பதற்கு எமக்குக் கூச்சம் வர வேண்டாமா?

எமது பாடசாலையில் ஒரு மழைமானி இருக்கிறது. காலை எட்டரைக்குப் பிள்ளைகள் அளந்து கொப்பியில் எழுதுகிறார்கள். ஒரு பாடசாலைக் கொப்பி காலநிலையை நிரூபித்துவிடாது. ஆனால், அந்தக் கொப்பியைப் புரட்டும் எவருக்கும் ஒன்று தெரியும்: ஒரு மாதம் பரவிப் பெய்ய வேண்டிய மழை சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது, பிறகு வெறும் கட்டங்கள். இதை நான் விவசாயிகளுக்குச் சொன்னபோது எவரும் ஆச்சரியப்படவில்லை. அவர்கள் கணக்கு ஏற்கெனவே அப்படித்தான். முதல் மழையோடு புழுதியில் விதைத்துத் தண்ணீரை மிச்சம் பிடிப்பதும், மழை பிந்தினால் வயது குறைந்த நெல்லுக்குப் போவதும் எந்தச் செயலமர்வும் வருவதற்கு முன்பே அவர்கள் செய்தவை.

விஞ்ஞானத்தை நான் குறை சொல்லவில்லை. நெல் பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் பழுதாகிக் கதிர் சப்பியாகும் என்பதை விஞ்ஞானமே சொல்லித் தந்தது. எமது விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சியாளர்கள் இரண்டரை மாதத்தில் விளையும் பீ.ஜி. 250 போன்ற இனங்களையும், உவரைத் தாங்கும் ஏ.டீ. 354 போன்ற இனங்களையும் தந்திருக்கிறார்கள். நன்றியோடு சொல்ல வேண்டியவை இவை. ஆனால், இரண்டரை மாத நெல்லின் விளைச்சல் மூன்றரை மாத நெல்லின் விளைச்சலுக்கு ஈடாகாது. குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, தனது வாய்க்காலுக்கு அது எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரிந்தவனே விளைச்சல் குறைந்த நெல்லைத் துணிந்து தெரிவு செய்வான். தெரியாதவன் எதை விதைத்தாலும் அது சூதாட்டமே. விதை களஞ்சியத்தில் இருக்கிறது, திகதி வேறொருவரின் மேசையில் இருக்கிறது. பெரியவர் கேட்டது இதைத்தான்.

“மழை அல்லாஹ்வின் கையில் உள்ளது, நாம் என்ன செய்ய முடியும்” என்போரும் எம்மில் உண்டு. மழை அவன் கையில்தான். அதற்காகத் திடலில் கூடித் தொழுகிறோம். ஆனால், மதகின் திறப்பு மனிதன் கையில் இருக்கிறது. அதையும் இறைவனின் நாட்டத்தில் சேர்த்துவிட்டு வீட்டில் இருப்பது பொறுமையாகாது.

இது நடைமுறைக்கு வராத கனவு என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு எமது மாவட்டத்தின் வரலாற்றிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். 1949இல் ஆரம்பிக்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் குடியேற்ற அரசியல் பற்றி எழுதப்பட வேண்டியவை ஏராளம். 1956இல் அங்கே இரத்தமும் சிந்தியது. அதன் இடதுகரை, நாட்டிலேயே மிகவும் ஒழுங்கற்ற, சண்டை மலிந்த நீர்ப்பாசனப் பகுதியாகக் கருதப்பட்டது. மேற்பகுதியில் சிங்கள விவசாயிகள், கடைப்பகுதியில் தமிழ் பேசும் விவசாயிகள். 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே ஒரு வேலை செய்தன. இளம் அமைப்பாளர்களை விவசாயிகளோடு தங்கவிட்டு, வாய்க்கால் தோறும் சிறு குழுக்கள் உருவாக உதவின. குழுக்கள் தமது வாய்க்காலைத் தாமே துப்புரவாக்கின. தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்டன. அதிகாரிகளோடு ஒரே மேசையில் இருந்து பேசின.

பதினைந்து வருடங்களின் பின் அதற்குச் சோதனை வந்தது. 1997 சிறுபோகத்தில் நெற்செய்கைக்குப் போதிய நீர் சமுத்திரத்தில் இல்லை என்று விவசாயிகளிடம் சொல்லப்பட்டது. அவர்களோ, இருப்பதை மிகச் சிக்கனமாகப் பங்கிட்டு 65,000 ஏக்கரிலும் வேளாண்மை செய்து, வழமையை விட நல்ல விளைச்சலும் கண்டார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. மேலே இருந்த சிங்கள விவசாயி கீழே இருந்த தமிழ் விவசாயிக்குத் தண்ணீரை விட்டுக் கொடுத்தான். புதிய விதை, புதிய அணைக்கட்டு எதுவுமே அதற்குத் தேவைப்படவில்லை. எவ்வளவு இருக்கிறது என்ற உண்மையும் எப்படிப் பங்கிடுவது என்ற அதிகாரமும் விவசாயிகளின் கையில் இருந்தன, அவ்வளவுதான். நோர்மன் அப்ஹொஃப் போன்றோர் இதை ஆங்கிலத்தில் எழுதி, உலகின் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் படிக்கிறார்கள். எங்களூர்ப் பிள்ளைகளுக்கோ இது தெரியாது.

1997இன் வரட்சியும் இன்றைய வரட்சியும் ஒன்றல்ல, வெள்ளத்தை முறை வைத்துப் பங்கிட முடியாது என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான பேச்சு. ஆனால், வெள்ளத்திலும் கேள்வி அதேதான்: வான்கதவு திறக்கப்படுவதைக் கீழே உள்ளவன் எத்தனை மணித்தியாலத்துக்கு முன்னர், எந்த மொழியில் அறிகிறான்? அவனது வயலின் வடிச்சல் வாய்க்காலை அடைத்துக் கட்டிய கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது அவனிடம் எவரும் கேட்டார்களா?

நட்டஈட்டின் கதையும் இதுவே. 2024 வெள்ளத்தின் பின் ஏக்கருக்கு உச்சமாக 40,000 ரூபா என அறிவித்தார்கள். எங்களூரில் பாதிப் பூமியைச் செய்பவர்கள் குத்தகைக்காரர்கள். இடாப்பில் இருப்பது பூமிக்காரரின் பெயர். அழிந்த பயிர் ஒருவனுடையது, படிவத்தில் உள்ள பெயர் இன்னொருவருடையது. எனது ஒன்பதாம் வகுப்பில் முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை அந்த வருடம் பாடசாலையை விட்டு விலகினான். வாப்பாவின் கடனை அடைக்க இப்போது கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். காலநிலை மாற்றத்தின் பாதிப்பு என்று அறிக்கைகளில் வரும் சொல்லுக்கு எனது வகுப்பறையில் உள்ள பொருள், வெறுமையான ஒரு கதிரை.

இனி, எம்மைப் பற்றிப் பேசுவோம். இரண்டாயிரங்களில் நாமெல்லாம் விளிம்பு பற்றி எவ்வளவு எழுதினோம்! விளிம்புநிலை, மையச் சிதைவு, பெருங்கதையாடல் என்று இதழ் இதழாக நிரப்பினோம். நானும் எழுதினேன். ஆனால், நிஜமான விளிம்பு ஒன்று எமது ஊர்களின் பின்னால், கடைசி வாய்க்காலின் ஓரத்தில் இருந்தது. தண்ணீர் கடைசியாக வருவதும் வெள்ளம் முதலில் வருவதும் அங்கேதான். அந்த விளிம்புக்கு நாம் போனது நாட்டார் கவி சேகரிக்க மட்டும். வயலில் பாடிய கவிகளைத் தொகுத்தோம், வெளியீட்டு விழா வைத்தோம், பொன்னாடை போர்த்தினோம். களை பிடுங்கிய பெண்களின் குரலைப் பாராட்டினோம். களைநாசினியும் அறுவடை மெசினும் வந்து அந்தப் பெண்களுக்கு வயலில் வேலையே இல்லாமல் போனபோது நாம் ஒரு வரி எழுதினோமா? அழிந்துபோகும் ஒன்றை அழகு என்று ரசிப்பது எமக்குப் பழக்கமாகிவிட்டது. அழியாமல் இருக்க என்ன வேண்டும் என்று கேட்பதை அதிகாரிகளின் வேலை என்று விட்டுவிட்டோம்.

எழுதத் தெரிந்தவன் செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். பெரிய காரியம் எதையும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் நடக்கும் ஆரம்பக் கூட்டத்துக்குப் போங்கள். நீர் திறக்கும் திகதி, பூட்டும் திகதி, எந்த வாய்க்காலுக்கு எந்த முறை என்பவை அங்கேதான் முடிவாகின்றன. அந்த முடிவுகளைத் தமிழில் எழுதி, அடுத்த நாள் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலும் கடைத்தெருவிலும் ஒட்டுங்கள். 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அந்த உரிமையைக் கேட்டு ஒரு கடிதம் எழுத எமது விவசாயிக்கு எவரும் இல்லை, எமக்கோ முன்னுரை எழுத நேரம் இருக்கிறது. குத்தகைக்காரனின் பெயர் இடாப்பில் ஏறும்வரை அவனுடைய விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள். உங்கள் பாடசாலையில் ஒரு மழைமானி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் கேட்கும் கேள்வியை அவர்கள் கேட்டபடியே அடுத்த மொழிக்குக் கொண்டு போங்கள். மெருகூட்ட வேண்டாம்.

சென்ற போகத்தின் ஆரம்பக் கூட்டத்துக்கு நான் அந்தப் பெரியவரோடு போனேன். அவருடைய கேள்வியை இம்முறை சிங்களத்தில் அப்படியே கேட்டேன். மேசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு அறிவிப்பதாகச் சொன்னார்கள். அறிவிக்கவில்லை. ஆனால், கூட்டக் குறிப்பில் கேள்வி பதிவாகியிருக்கிறது. அது ஏறும்வரை நான் எழும்பவில்லை.

அடுத்த கூட்டத்துக்கும் போவோம். எமது மாவட்டத்தில் எழுதுகிற நண்பர்கள் உங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். கொப்பியும் பேனையும் போதும். கவிதை வேண்டாம்.